வண்டியோரப் பந்தல்

இடப்பெயர்வைப் பற்றி நம்மவர் எழுதியவை போதும், இனி வேறு பொருள்களை நாடவேண்டும் என்னும் கருத்து இலக்கிய வட்டங்களில் அடிக்கடி கேட்கப்படுகின்றது. இக்கருத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஒரே கண்ணீரை ஒரே சொற்களாற் பன்முறை எழுதினால் சொல்லும் நைந்துபோகும், துயரும் நைந்துபோகும். ஆயினும், எழுதியது போதுமா என்று கேட்பதற்கு முன்னர், எதை எழுதினோம், எதை எழுதாது விட்டோம் என்று கணக்குப் பார்ப்பது முறையன்றோ? அவ்வாறு பார்க்குமிடத்து, நம் மக்கள் இழந்தவற்றைப் பற்றி மிகுதியாக எழுதியிருக்கின்றோம் என்பதும், அவர்கள் தம் கையாலே செய்தவற்றைப் பற்றி மிகச் சொற்பமே எழுதியிருக்கின்றோம் என்பதும் புலனாகும்.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டினை மட்டும் ஈண்டு எடுத்துக்கொள்வோம். உழவு இயந்திரத்தின் பெட்டியை ஓரிடத்தில் நிறுத்தி, அதன் ஓரத்தில் ஒரு தறப்பாளைக் கட்டிப் பத்தி இறக்கி, அதன் கீழே ஒரு குடும்பத்தைக் குடியிருத்தும் வேலை அது. வன்னியில் இதனை அறியாத வீடு இல்லை எனலாம். ஆனால், அதனை எவ்வாறு செய்வது என்பதை ஒழுங்காக எழுதிவைத்த ஒரு பக்கத்தைத் தேடினால் கிடைப்பது அரிது. அதனை எழுதிவைக்க வேண்டும், பள்ளிகளிற் பயிலவும் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

கிளிநொச்சி நகருக்குத் தென்மேற்கே அமைந்துள்ள அக்கராயன், குளத்தையும் வயலையும் காட்டையும் நம்பி வாழும் ஊர். 1996ஆம் ஆண்டிலே கிளிநொச்சி நகரம் போர்க்களமானபோது, அங்கிருந்து புறப்பட்டோர் பலர் அக்கராயனிலும் அயலூராகிய கந்தபுரத்திலும் தஞ்சமடைந்தனர். அதற்கு முந்திய ஆண்டில் யாழ்ப்பாணத்தை விட்டு வந்தவர்களும் அவர்களிடையே இருந்தனர். அன்று அவ்வூர் பிறருக்கு நிழல் கொடுத்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன. 2008ஆம் ஆண்டிலே முதலில் மன்னார்ப் பகுதி மக்கள் கிழக்கு நோக்கி வந்தனர். அவ்வாண்டின் பிற்பகுதியில் அக்கராயன் மக்களே தம் ஊரை விட்டுப் புறப்பட்டனர். ஓடுகளைக் கழற்றினர், கதவுகளையும் யன்னல்களையும் நிலையோடு பெயர்த்தனர், நெல்மூட்டைகளை ஏற்றினர். பெட்டி உள்ளவர் பெட்டியில் ஏற்றினர். இல்லாதவர் அயலவர் பெட்டியில் இடம் கேட்டனர். அதுவும் கிட்டாதவர் துவிச்சக்கர வண்டியிலே கட்டினர். தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று வழி நீண்டு, 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் முள்ளிவாய்க்காற் கடற்கரையில் முடிந்தது. இவ்வழி நெடுகிலும் பெட்டியோரத்திலே பந்தல் எழுந்தது, பிரிந்தது, மீண்டும் எழுந்தது. ஒரு குடும்பம் எத்தனை முறை அதனைக் கட்டியது என்று கேட்டால் விரல்விட்டு எண்ணிச் சொல்லும் தாய்மார் இன்றும் உளர்.

இவ்வித்தை போரிலே பிறந்ததன்று. வன்னியிலே வண்டியும் பந்தலும் நெடுநாட் சோடி. வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலுக்குச் சென்ற அடியார்கள் மாட்டு வண்டிகளை மரநிழலில் அவிழ்த்துவிட்டு, வண்டிக் கூடாரத்தின் ஓரத்தில் சேலையோ பாயோ கட்டி இரவைக் கழித்தனர். ஆவணித் திருவிழாவுக்கு மருதமடு மாதா கோயிலை நாடிச் செல்வோர் காட்டுமரங்களின் கீழ்ச் சிறு குடில்களும் கூடாரங்களும் அமைத்து நாட்கணக்கில் தங்குவதும் நீண்டகால வழக்கம். வழிபாட்டுக்காகக் கற்ற கை, வழியற்ற காலத்திலே உதவிற்று.

இன்னும் பின்னே செல்லலாம். பெரும்பாணாற்றுப்படையில் உமணரின் உப்பு வண்டி வருகின்றது. மேலே கூரை வேய்ந்து, கோழிக்கூடும் தாங்கிச் செல்லும் அவ்வண்டியைத் தினைப்புனம் காப்போரின் குடிலுக்கு உவமித்தார் புலவர். வண்டியும் வீடும் ஒன்றாதலைத் தமிழ்ப் புலவன் அன்றே கண்டிருக்கின்றான். முல்லைப்பாட்டிலே நப்பூதனார் அரசனின் பாசறையைப் பாடுகையில், கோலை நட்டுக் கயிற்றை இழுத்துக் கட்டிய இருக்கையை விட்டுவிடவில்லை. துறவி தன் முக்கோலை நிறுத்தி அதன்மீது ஆடையை இட்டு வைத்த தோற்றத்தோடு அதனை ஒப்பிட்டுக் காட்டினார். மன்னன் போருக்குச் சென்றபோது அவன் படைக்குக் கட்டிய கூடாரத்தின் கயிறு நம் இலக்கியத்தில் இடம்பெற்றுவிட்டது. போரை விட்டு ஓடிய உழவன் தன் குழந்தைகளுக்குக் கட்டிய கூடாரத்தின் கயிறு எந்த இலக்கியத்தில் இருக்கின்றது? இக்கேள்வியை நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய காலம் வந்துவிட்டது.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். தார் பூசிய பாய்த்துணியைக் குறிக்க ஆங்கிலக் கடலோடிகள் வழங்கிய ஒரு சொல், தமிழகத்திலே தார்ப்பாய் என்று உருமாறித் தமிழ்ச் சொல்லைப் போலவே பொருள் தந்து நிற்கின்றது. ஈழத்திலே அது தறப்பாள் ஆயிற்று. அதற்கு முன்னமே நம்மிடம் படங்கு என்ற சொல் இருந்தது. சூடு அடிக்கும் களத்தில் விரிப்பதும், நெல்லை மழைக்கு மூடுவதும் படங்கே. கவர்த்தடியாக வெட்டி நடும் தூண் கப்பு. கப்பின் கவரிலே கிடக்கும் நெடுந்தடி வளை. நிலத்தில் அடிப்பது முளை. சுவரை அணைத்துச் சரிவாக இறக்கும் கூரை பத்தி. இச்சொற்களை அறிந்த கைகள் முதுமை அடைந்து வருகின்றன. சீமெந்து வீட்டிலே பிறந்த பிள்ளைக்குக் கப்பும் வளையும் பாடப்புத்தகத்தில்கூட எதிர்ப்படுவதில்லை.

இனி, செய்முறையைக் கூறுவோம். இலக்கியப் பக்கத்திலே முளை அடிக்கும் முறை எதற்கு என்று வாசகர் வியக்கலாகாது. செய்முறையைச் சொன்னாலன்றி அதனுள்ளே எவ்வளவு அறிவு அடங்கியிருக்கின்றது என்பது விளங்காது.

முதலாவது, காற்று. மாரிகாலத்து வாடை வடகிழக்கிலிருந்து மழையோடு வரும். சோளகம் தென்மேற்கிலிருந்து புழுதியோடு வரும். ஆகவே மாரியிலே பெட்டியை வடகிழக்குப் பக்கம் சுவராக நிறுத்தி, அதன் மறைவிலே பத்தி இறக்க வேண்டும். கோடையிலே இது மாறும். பெட்டியை எப்பக்கத்தில் விடுவது என்பதை மாற்றி முடிவுசெய்துவிட்டால், பின்னர் எத்தனை கயிறு கட்டினும் பயனில்லை.

இரண்டாவது, நிலம். சற்றே உயர்ந்த, நீர் வழிந்தோடும் இடம் வேண்டும். உழவு இயந்திரத்தைக் கழற்றியதும் பெட்டியின் முன்தண்டுக்குக் கீழே முட்டுக் கொடுத்து, சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல் வைக்க வேண்டும். பெட்டி ஒரு முழம் உருண்டாலும் பந்தல் கிழிந்துவிடும். பந்தலைச் சுற்றி ஒரு சாண் ஆழத்தில் வாய்க்கால் வெட்டி, வெட்டிய மண்ணை உட்பக்கமாகப் போட்டு வரம்பாக்க வேண்டும். மழை தொடங்கிய பின்னர் வாய்க்கால் வெட்ட முயல்பவன் சேற்றையே கிளறுவான்.

மூன்றாவது, கட்டு. தறப்பாளின் ஒரு விளிம்பைப் பெட்டியின் மேற்சட்டத்திற் கட்டி, மறு விளிம்பைத் தாழ்ந்த கப்புகளிற் கட்ட வேண்டும். கப்பின் நுனி தறப்பாளைக் குத்தாதவாறு அதிலே துணியையோ தும்பையோ சுற்ற வேண்டும். விளிம்பிலே துளை கிழிந்துபோயிருப்பின், மூலையில் ஒரு கூழாங்கல்லை வைத்துத் துணியால் மூடிப் பிடித்து, அக்கழுத்திலே கயிற்றைக் கட்டுவர். கல் இருக்குமட்டும் கட்டு நழுவாது. நடுவே தொய்வு விழாதிருக்க ஒரு வளை குறுக்கே போக வேண்டும். தொய்வு விழுந்தால் நீர் தேங்கும். தேங்கிய நீரின் பாரத்தாலே நள்ளிரவிற் பந்தல் தலைமேல் விழும்.

நான்காவது, முடிச்சு. ஒரு தலைப்பை இழுத்தால் முழுதும் அவிழும் உருவுமுடிச்சு வேண்டும். கோயிலுக்குச் சென்றவன் எந்த முடிச்சையும் போடலாம். ஆறுதலாக அவிழ்ப்பதற்கு அவனுக்குப் பொழுது உண்டு. 2008இலே சென்றவனுக்குப் பொழுது இல்லை. எறிகணை நெருங்கும் இருளிலே, விளக்கின்றி, கைவிரலால் தடவி, ஒரே இழுப்பில் அவிழ்க்கத்தக்க முடிச்சே அவனுக்கு வேண்டியிருந்தது. கட்டும்போதே அவிழ்ப்பதை எண்ணிக் கட்டிய அம்முடிச்சைக் காட்டிலும் அக்காலத்து வாழ்வைச் சுருக்கிக் கூறும் ஓர் உவமையை எந்தக் கவிஞனும் எனக்குக் காட்டவில்லை.

இதிலே கணிதமும் உண்டு. அகதிகளுக்கான ஐக்கிய நாடுகள் உயர் ஆணையகம் வழங்கும் தறப்பாளின் வழக்கமான அளவு நான்கு மீற்றருக்கு ஐந்து மீற்றர். அதாவது 20 சதுர மீற்றர். நெருக்கடிக் காலத்திலே ஒருவருக்குக் குறைந்தது 3.5 சதுர மீற்றர் மூடிய தரை வேண்டும் என்பது உலக நிவாரண நிறுவனங்கள் ஏற்றுக்கொண்ட அளவு. மட்டமாக விரித்தால் ஐவருக்கு இடம் உண்டு. ஆனால் மட்டமான கூரையில் மழை தேங்கும். நடுவே முகட்டுவளை போட்டு இருபுறமும் 45 பாகை சரித்தால் மூடப்படும் தரை ஏறத்தாழ 14 சதுர மீற்றராகச் சுருங்கும், நால்வருக்கே இடம். ஐந்தாமவர் எங்கே படுப்பது? பெட்டியோரத்துப் பத்தி இச்சிக்கலுக்கு ஒரு விடை. பெட்டியே ஒரு பக்கச் சுவராகிவிடுகின்றமையால், உயர்ந்த விளிம்பை இரண்டு மீற்றரிலும் தாழ்ந்த விளிம்பை ஒரு மீற்றரிலும் கட்டினால், மூடப்படும் தரை 19 சதுர மீற்றருக்குக் குறையாது. சரிவு குறைவாகையால் வளையும் இறுக்கமான கட்டும் இன்றியமையாதன. ஆனால் ஐவரும் படுக்கலாம். பெட்டியின் உள்ளே நெல்லும் குழந்தையும், பெட்டியின் கீழே விறகும் கோழியும் நனையாதிருக்கும். இக்கணக்கை எழுதிப் பார்த்தவர் எவருமில்லை. பள்ளிக்கூடத்தை இளவயதிலே விட்ட தாய் கண்ணால் அளந்து, பிள்ளைகளை ஒருமுறை எண்ணி, “இன்னும் ஒரு சாண் இறக்குங்கோ” என்றாள். அதுவே கணக்கு.

இவ்வித்தை எல்லாவற்றையும் வென்றுவிட்டது என்று கூறினால் அது பொய்யாகும். 2008ஆம் ஆண்டு நவம்பர் பிற்பகுதியில் நிஷா புயல் வடக்கிலே பெருமழையைக் கொட்டியபோது வாய்க்கால்களும் வரம்புகளும் நில்லாது போயின. பந்தலுக்கு வேண்டியது மேட்டுநிலம். பந்தலின் அருகே வெட்டிய பதுங்குகுழியோ பள்ளம். மேலிருந்து வரும் மழைக்கும் மேலிருந்து வரும் குண்டுக்கும் ஒரே இடத்தில் ஒதுங்க முடியாதென்பதை அம்மாரி காட்டிற்று. பின்னர் 2009இலே, கடற்கரையில் நெருங்கிக் கிடந்த அக்கூரைகளை ஐக்கிய நாடுகள் அமைப்பின் செய்மதிப் படப் பிரிவினர் வானிலிருந்து எடுத்த படங்களிற் கண்டு ஆராய்ந்தனர். வானம் அக்கூரைகளை மேலிருந்து பார்த்தது. கீழிருந்து பார்த்தவர்களின் அறிக்கைதான் நம்மிடம் குறைவாக இருக்கின்றது.

இக்கருத்தை எதிர்ப்போர் இரண்டு தடைகளை எழுப்பக்கூடும், இரண்டும் வலியுடையன.

முதலாவது தடை: துயரத்திற் பிறந்த கைவேலையைப் புகழ்வது, துயரத்தையே அழகுபடுத்துவதாகாதா? தறப்பாள் என்ற சொல்லைக் கேட்டதும் முகம் திருப்பிக்கொள்ளும் மனிதர் நம்மிடையே உளர். தறப்பாளின் கீழ் வெக்கையிலே குழந்தை துடித்ததை அவர்கள் மறந்தாரல்லர். செட்டிகுளத்து மெனிக் முகாமிலே கூடாரத்துள் கழித்த மாதங்களையும், 2010ஆம் ஆண்டளவில் ஊர் திரும்பியபோது கூரையற்ற சுவருக்கு அதே தறப்பாளை மீண்டும் கட்டியதையும் மறந்தாரல்லர். அவர்களை நோக்கி, உங்கள் பந்தல் ஒரு கலை என்று நாம் கூறச் சென்றால், எங்களுக்கு அது கலையன்று, வேறு வழியின்மை என்று அவர்கள் கூறுவர். அவர்கள் கூற்றே சரி. ஆதலின், அழகென்று அதனை எழுத வேண்டியதில்லை. அறிவென்று எழுத வேண்டும். வைத்தியன் கொள்ளைநோய்க் காலத்திலே கற்றதை எழுதிவைப்பது நோயைப் புகழ்வதற்காகவன்று.

இரண்டாவது தடை இன்னும் கூரியது. ஏழைக்குச் சமாளிக்கத் தெரியும் என்று எழுதிவிட்டால், அவன் சமாளிக்கட்டும் என்று ஆள்வோர் இருந்துவிடமாட்டாரா? இவ்வச்சம் வீணானதன்று. இந்திய அரசு வடக்கிற்கும் கிழக்கிற்கும் வீடுகள் தருவதாக 2010இல் அறிவித்தது. பயனாளிகள் தாமே கட்டும் பெருந்திட்டம், வீடொன்றுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா உதவியோடு, 2012 ஒக்டோபரில் தொடங்கிற்று. அந்த இடைக்காலம் முழுவதும் வன்னியிற் பலரை மழையிலிருந்து காத்தது எது? தறப்பாளும், அதனைக் கட்டத் தெரிந்த கையுமே. கை திறமையுள்ளதாயிருந்ததால் தாமதம் கண்ணுக்குத் தெரியாமற் போயிற்று என்று ஒருவர் வாதிடலாம். ஆயின், இத்தடைக்கும் விடை எழுதாமல் விடுவதன்று, முழுமையாக எழுதுவதே. தறப்பாள் வெயிலிற் காய்ந்து நொறுங்கும் பொருள், பந்தல் சில நாட்களுக்கான ஏற்பாடு, அதன் கீழ் ஆண்டுகளைக் கழிக்கச் செய்வது அநீதி என்பதைப் பந்தல் கட்டத் தெரிந்தவனே ஆதாரத்தோடு கூற வல்லவன். எந்தச் சரிவில் எத்தனை பேர் படுக்கலாம் என்று அறிந்தவனிடம், இவ்வளவு போதும் என்று எந்த அதிகாரியும் ஏமாற்ற முடியாது.

உலகின் மறுபுறத்தையும் நோக்குவோம். கனடாவிலும் ஐரோப்பாவிலும் கோடை விடுமுறைக்குச் சிறு வீட்டுவண்டியைக் காரின் பின்னே கொழுவிக்கொண்டு, ஏரிக்கரைகளுக்கும் காட்டுப் பூங்காக்களுக்கும் செல்வது பெருவழக்கு. வண்டியை நிறுத்தியதும் அதன் ஓரத்திலே ஒரு விதானத்தை விரித்து, அதன் கீழே அடுப்பையும் கதிரையையும் வைப்பர். அவ்விதானத்துக்கான அறிவுரைகளைப் பார்த்தால் வியப்புண்டாகும்: காற்றுக்கு முதுகு காட்டி வண்டியை நிறுத்துக, சில்லுக்கு அணை வைக்க, ஒரு மூலையைத் தாழ்த்தி நீரை வழியவிடுக, கடுங்காற்று எழுந்தால் விதானத்தை உடனே இறக்குக. அக்கராயனிலே கற்ற பாடமே அங்கும் பாடம். புலம்பெயர்ந்த நம்மவரும் அந்நாடுகளிலே கோடையில் இவ்வாறு பொழுதைக் கழிக்கின்றனர். ஒருவருக்கு விளையாட்டாகவும் மற்றவருக்கு உயிராகவும் அமைந்தது ஒரே வேலை. வேறுபாடு வேலையில் இல்லை. வீடு திரும்பலாம் என்ற உறுதி ஒருவருக்கு உண்டு, மற்றவருக்கு இல்லை என்பதிலேயே இருக்கின்றது. அங்கே பிறந்து வளரும் பிள்ளை, தன் தந்தை இவ்வளவு விரைவாக முடிச்சுப் போட எங்கே கற்றார் என்று கேட்கும் நாள் வரும். அதற்கு விடை கூற ஒரு நூல் வேண்டாமா?

இனி, செய்ய வேண்டியது என்ன? ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கின்றேன்.

முதலாவது, சொற்றொகுப்பு. அக்கராயன், கந்தபுரம் முதலிய ஊர்களின் பாடசாலை மாணவர்கள் தத்தம் வீட்டுப் பெரியோரிடம் கேட்டு, பந்தலுக்குரிய தடி, கயிறு, முடிச்சு, கட்டு ஆகியவற்றின் பெயர்களை எழுதித் தொகுக்கலாம். எந்தத் தடி கப்புக்கு ஏற்றது, எது கறையானுக்கு இரையாகும், பச்சைத் தடியைக் கட்டும் உரி நார் எம்மரத்தது என்பனவெல்லாம் அத்தொகுப்பில் இடம்பெற வேண்டும். இரண்டு மாரிகளுக்குள் ஒரு சிறு அகராதி உருவாகிவிடும்.

இரண்டாவது, செய்துபார்த்தல். பாடசாலை மைதானத்திலே ஆண்டுக்கு ஒருமுறை, மாரிக்கு முன்னர், ஒரு பெட்டியை நிறுத்திப் பந்தல் கட்டிப் பழக வேண்டும். சரிவுக்கும் பரப்புக்கும் உள்ள தொடர்பைக் கணித ஆசிரியர் அங்கே விளக்கலாம். வாடையையும் சோளகத்தையும் புவியியல் ஆசிரியர் விளக்கலாம். முல்லைப்பாட்டின் பாசறையைத் தமிழாசிரியர் அப்பந்தலின் கீழேயே கற்பிக்கலாம். இது வெறும் விளையாட்டாக முடியாது. 2018ஆம் ஆண்டு டிசம்பரிலே கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களை வெள்ளம் மூடிற்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடெங்கும் பேரழிவை விளைத்தது. போர் இல்லாத காலத்திலும் வீட்டை விட்டுச் சில இரவுகள் வெளியே தங்க வேண்டிய நிலை வரவே செய்கின்றது. அவ்வேளையிலே ஒரு தறப்பாளைக் கையிற் கொடுத்தால் அதை வைத்துக்கொண்டு திகைக்கும் தலைமுறையை நாம் வளர்க்கலாகாது.

மூன்றாவது, எழுத்து. சிறுகதை எழுதுவோர் அழுகையை எழுதுவதற்கு முன் முளையை எழுதிப் பார்க்கட்டும். எவ்விடத்தில் பெட்டி நின்றது, எந்தப் பக்கம் காற்று வீசியது, எவர் கயிற்றைப் பிடித்தார், எவர் பிள்ளையைப் பிடித்தார் என்று எழுதும்போது, அழுகை தானாகவே உரிய இடத்திற்கு வந்து சேரும். பொருள்களின் பெயரை அறியாத எழுத்தாளன் துயரத்தையும் பொதுச்சொற்களாலேயே எழுதுகின்றான். பொதுச்சொற்களாலான துயரமே வாசகருக்குச் சலிப்பைத் தருகின்றது. இடப்பெயர்வைப் பற்றி எழுதியது போதும் என்று கூறுவோர் உண்மையிலே சலித்தது இதனாலேயே என்று கருதுகின்றேன்.

அன்று பந்தல் கட்டிய கைகள் இன்னும் நம்மிடையே உள்ளன. அவற்றிடம் கேட்பதற்குச் செலவு ஒன்றுமில்லை. ஒரு கொப்பியும், ஒரு மாலைப் பொழுதும், இடைமறியாது கேட்கும் பொறுமையும் போதும். வருகின்ற விடுமுறையிலேயே இப்பணியைத் தொடங்க ஆசிரியர்கள் முன்வருவார்களாயின், அக்கராயன் தன் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லும் சொத்தில் குளத்தோடும் வயலோடும் இவ்வறிவும் சேரும்.